தலையில் மூன்று தரம், கடலில் ஒரு தரம்: ஞானஸ்நானம் பற்றிப் புதிதாய் அறிய வருபவர்களுக்கு

வன்னியில் ஒரே காணிக்குள் இருக்கும் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாய் ஞானஸ்நானம் நடப்பது புதினம் இல்லை. அண்ணன் குடும்பம் கத்தோலிக்கம். பிறந்து இரண்டு மாதமான பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோக, சுவாமி தலையில் மூன்று தரம் தண்ணீர் ஊற்றுவார்; மத்தியானம் வீட்டில் சாப்பாடு, கேக். தம்பி குடும்பம் சில காலமாகப் பெந்தெகொஸ்தேச் சபை ஒன்றுக்குப் போகிறது. அந்த வீட்டுப் பதினெட்டு வயதுப் பெடியன் முல்லைத்தீவுக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, பாஸ்டர் அவனைப் பின்பக்கமாய்ச் சாய்த்து முழுதாய் அமிழ்த்தி எடுப்பார். இரண்டையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற சைவ அயலவர் கேட்பார்: “ரெண்டு பேரும் வேதக்காரர்தானே? பேந்தென்ன ரெண்டு மாதிரி?”

நியாயமான கேள்வி. வேதக்காரர் பலருக்கே இதற்கு விடை தெரியாது. “எங்கட ஆக்கள் இப்பிடித்தான் செய்யிறது” என்று முடித்துவிடுவார்கள். கத்தோலிக்கர் இப்போது ‘திருமுழுக்கு’ என்று கூடுதலாகச் சொல்கிறார்கள், மற்றச் சபைகளில் ‘ஞானஸ்நானம்’ என்றே வழக்கம். இங்கே இரண்டையும் கலந்து எழுதுகிறேன், பொருள் ஒன்றுதான்.

வெளியே இருந்து பார்க்கிறவருக்குச் சண்டை தண்ணீரின் அளவைப் பற்றியது, அல்லது வயதைப் பற்றியது என்று தோன்றும். எனக்கு அது வேறொரு கேள்வியின் மேல்தோலாகத்தான் தெரிகிறது: அந்தத் தண்ணீரில் வேலை செய்கிறவர் யார்? கடவுள் மனிதனுக்குச் செய்கிற செயலா இது, மனிதன் கடவுளுக்குக் கொடுக்கிற பதிலா? இதற்கு ஒரு சபை சொல்லும் விடை தெரிந்தால், அந்தச் சபை யாருக்கு, எப்போது, எவ்வளவு தண்ணீரில், எத்தனை தடவை ஞானஸ்நானம் கொடுக்கும் என்பதைப் பெரும்பாலும் நாமே ஊகித்துவிடலாம்.

தொடக்கம்

தண்ணீரில் இறங்கித் தூய்மை அடைவது கிறிஸ்தவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. யூதர்களிடம் சடங்கு நீராடல் இருந்தது. அந்தச் சூழலில்தான் யோவான் என்ற தீர்க்கதரிசி யோர்தான் நதிக்கரையில் நின்று, பாவத்தை விட்டு மனந்திரும்புங்கள் என்று கூப்பிட்டு, வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இயேசுவும் அவரிடம் வந்து பெற்றார். பாவமில்லாதவர் என்று நம்பப்படுகிறவர் ஏன் பாவமன்னிப்புக்கான நீரில் இறங்கினார் என்பது பழைய கேள்வி. மத்தேயு நற்செய்தியில் யோவானே தயங்கி, நானல்லவா உம்மிடம் பெறவேண்டும் என்கிறார். மக்களோடு மக்களாய்த் தம்மைச் சேர்த்துக்கொண்டார் என்பதே திருச்சபைகள் பொதுவாய்ச் சொல்லும் விளக்கம்.

உயிர்த்தெழுந்த பிறகு இயேசு சீடர்களுக்குக் கொடுத்த கட்டளை மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: சகல சாதியாரையும் சீடராக்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பிரசங்கித்ததைக் கேட்டு ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. அன்று தொடங்கி, ஒருவர் கிறிஸ்தவர் ஆவதற்கான வாசல் இதுதான்.

தண்ணீரும் அந்த மூன்று பெயர்களும் வேண்டும் என்பதில் கத்தோலிக்கர், ஓர்தடொக்ஸ், அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை, பப்டிஸ்ற், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் ஒத்துப்போகும். விலக்குகளும் உண்டு. இரட்சணிய சேனை தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் கொடுக்கவேண்டும் என்று சாதிக்கிற ஒருபிரிவுப் பெந்தெகொஸ்தேக்காரரும் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் பணியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

என்ன நடக்கிறது என்று கேட்டால், வேதாகமம் ஒரே படத்தைத் தருவதில்லை. கழுவப்படுதல் என்கிறது ஓரிடம், தண்ணீராலும் ஆவியாலும் மறுபடி பிறத்தல் என்கிறது இன்னோரிடம். பவுல் உரோமையருக்கு எழுதிய 6ஆம் அதிகாரத்தில் வருவதுதான் எனக்கு மிக வலுவானதாகப் படுகிறது: கிறிஸ்துவோடு செத்து, அடக்கம் பண்ணப்பட்டு, அவரோடு எழும்புதல். தண்ணீருக்குள் போவது கல்லறைக்குள் போவது. பிள்ளையின் நெற்றியில் கரண்டித் தண்ணீர் விழும்போது இந்த மரணப் பேச்சு யாருக்கும் நினைவுக்கு வராது. கடலுக்குள் அமிழ்த்தி எடுப்பதைக் கரையில் நின்று பார்த்தால் வரும். முழுக்குச் சபைகளுக்கு இந்த இடத்தில் ஒரு கை மேல்தான்.

குழந்தைக்கு ஏன்?

கத்தோலிக்கரின் விடை நேரானது. திருமுழுக்கு கடவுள் தரும் கொடை. மனிதர் எல்லாரும் ஆதாமின் வழியாய் வந்த ஒரு குறையோடு, சென்மப் பாவத்தோடு, பிறக்கிறார்கள். திருமுழுக்கு அதை நீக்கி, பிள்ளையைக் கடவுளின் பிள்ளையாக்கி, திருச்சபைக்குள் சேர்க்கிறது. கொடையைப் பெற வயது வேண்டியதில்லை. பிள்ளைக்கு இன்னும் விசுவாசம் இல்லையே என்றால், பெற்றோரும் திருச்சபையும் தங்கள் விசுவாசத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பார்கள். தமிழ் படிக்க விருப்பமா என்று பிள்ளையிடம் கேட்டா நாங்கள் தாலாட்டுப் பாடினோம் என்று ஒரு சுவாமி பிரசங்கத்தில் கேட்டது நல்ல கேள்விதான்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபையினரும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள், ஆனால் கூடுதலாகச் சாய்வது உடன்படிக்கை என்ற கருத்தில். பழைய ஏற்பாட்டில் ஆபிரகாமின் வம்சத்து ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். எட்டு நாள் பிள்ளை எதை ஒப்புக்கொண்டது? கடவுள் ஒரு குடும்பத்தோடு செய்த ஒப்பந்தத்துக்குள் அது பிறந்தது. கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதை இவர்கள் காட்டுவார்கள். பிள்ளை வளர்ந்தபின் தன் வாயால் விசுவாசத்தை ஏற்றுக்கொள்ள இந்தச் சபைகளில் திடப்படுத்தல் இருக்கிறது. கத்தோலிக்கரின் உறுதிப்பூசுதல் ஒரு தனித் திருவருட்சாதனம், அதாவது திருமுழுக்கைப் போல கடவுளின் அருளைத் தரும் இன்னொரு புனிதச் சடங்கு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அங்கே முதன்மையாய்ப் பேசப்படுவது ஆவியின் கொடைகள்.

மறுபக்கம் பப்டிஸ்ற், பெந்தெகொஸ்தே, அசெம்பிளி ஒப் கோட் முதலிய சபைகள். 1920களில் இலங்கையிலேயே உருவான சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனும் இந்தப் பக்கம்தான். இவர்கள் கேட்பது வரிசையை: முதலில் கேள், பிறகு விசுவாசி, பிறகு ஞானஸ்நானம் பெறு. மாற்கு 16:16 அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. எத்தியோப்பிய மந்திரி வனாந்தர வழியில் பிலிப்புவிடம், “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன” என்று கேட்ட கதை இந்தச் சபைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்று பிலிப்பு சொல்வதாகப் பழைய தமிழ் வேதாகமத்தில் அடுத்த வசனம் வரும். அந்த வசனம், அதாவது அப்போஸ்தலர் 8:37, மிகப் பழமையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஆகவேதான் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது அடிக்குறிப்புக்கு இறங்கிவிட்டது. வாதத்தில் இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வசனம் போனாலும், மந்திரி கேட்டு விளங்கிய பிறகே தண்ணீரில் இறங்கினான் என்ற கதையின் ஓட்டம் போகாது.

அப்படியானால் இந்தச் சபைகளில் குழந்தைக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. பிள்ளையைச் சபை முன் கொண்டுவந்து, பாஸ்டர் கையில் ஏந்தி ஜெபித்து, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பார்கள். பிரதிஷ்டை என்பது இதுதான். தண்ணீர் இல்லை. இதையும் ஞானஸ்நானம் என்று அயலவர் குழப்பிக்கொள்வதுண்டு.

குழந்தைக்கு உண்டா இல்லையா என்பதை வேதாகமம் நேராய்ச் சொல்லியிருந்தால் இருபது நூற்றாண்டாய் இந்தத் தர்க்கம் ஓடியிராது. லீதியாள் தன் வீட்டாரோடு பெற்றாள், பிலிப்பியில் சிறைக்காவலன் தன் வீட்டார் எல்லாரோடும் பெற்றான் என்று வருகிறது. வீட்டார் என்றால் பிள்ளைகளும்தானே என்பார் ஒருவர். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது என்று எங்கே எழுதியிருக்கிறது என்பார் மற்றவர். இரண்டு பேரையும் அந்த வசனங்களால் வெல்ல முடியாது. முதல் தலைமுறைக் கிறிஸ்தவரின் கதை அது. புதிதாய் வருகிறவர் எப்போதும் பெரியவராகத்தான் இருப்பார். இரண்டாம் தலைமுறை வந்தபோது என்ன செய்தார்கள் என்பதே உண்மையான கேள்வி.

அதற்கு வரலாறும் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. கி.பி. 200 அளவில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறுபிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், பொறுங்கள் என்று எழுதினார். வேண்டாம் என்று ஒருவர் எழுதவேண்டி வந்ததென்றால் அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அரை நூற்றாண்டு கழித்து அதே கார்த்தேஜ் நகரில் ஆயர் சிப்பிரியானும் கூடிய ஆயர்களும் எட்டாம் நாள்வரை கூடக் காக்கவேண்டாம் என்றார்கள். நான்காம் நூற்றாண்டிலோ, திரும்பவும் பாவம் செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கடைசிவரை தள்ளிப்போடுவது பெரிய இடங்களில் வழக்கமாக இருந்தது. பேரரசர் கொன்ஸ்தந்தீன் 337இல் சாகக் கிடந்தபோதுதான் பெற்றார்.

எவ்வளவு தண்ணீர்?

ஆதித் திருச்சபையின் கையேடு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ‘திதாக்கே’ என்று பெயர். முதலாம் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டிலோ எழுதப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. அது சொல்லும் முறை இது: ஓடுகிற தண்ணீரில் கொடு. ஓடுகிற தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு. குளிர்ந்த நீர் முடியாதென்றால் வெந்நீரில் கொடு. இரண்டும் இல்லாவிட்டால் பிதா, சுதன், ஆவியின் பெயரால் தலையில் மூன்று தரம் ஊற்று. பெறுகிறவர் முன்னதாக ஓரிரு நாள் உபவாசம் இருக்கட்டும்.

வரட்சி தெரிந்த ஒரு நாட்டவன் எழுதியது போல இருக்கிறது இது. ஆவணி மாதத்தில் கனகராயன் ஆற்றைப் பார்த்தவருக்கு, ‘ஓடுகிற தண்ணீர் இல்லையென்றால்’ என்ற சொற்களுக்கு வியாக்கியானம் தேவையில்லை. முழுக்கே முதல் விருப்பம், ஊற்றுதல் மாற்று வழி, ஆனால் அதுவும் ஞானஸ்நானமே என்ற நிலைப்பாடு அவ்வளவு தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. சிரியாவின் துரா எவுரோப்போசில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த மூன்றாம் நூற்றாண்டு வீட்டுக்கோயிலில் ஞானஸ்நானத்துக்கென்றே ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள்.

இன்றைய நிலைமையில், கத்தோலிக்கச் சட்டம் முழுக்கையும் ஊற்றுதலையும் இரண்டையும் ஏற்கிறது, நடைமுறையில் ஊற்றுதல்தான். ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர் கைக்குழந்தையையே மூன்று தரம் முழுக்காட்டுவார்கள், அதே நாளில் நற்கருணையும் (பூசையின் அப்பமும் இரசமும்) கொடுப்பார்கள். குழந்தைக்குக் கொடுக்கிறவர் ஊற்றுவார், பெரியவருக்குக் கொடுக்கிறவர் முழுக்காட்டுவார் என்ற நம்மூர்க் கணக்கு அங்கே உடைந்துபோகும். பப்டிஸ்ற், பெந்தெகொஸ்தேக்காரருக்கு முழுக்குத் தவிர வேறில்லை. அடக்கம் என்றால் முழுதாய் மூடவேண்டும்.

வன்னியில் முழுக்குக்கு இடம் தேடுவது தனி வேலை. கடல் பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் மாரியில் முல்லைத்தீவுக் கடல் விளையாட்டுக் கடல் இல்லை. குளங்களில் கோடையில் சேறு, மாரியில் ஆழம். சில குளங்களில் முதலையும் உண்டு. விசுவாசத்தைச் சோதிக்க அது தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. சபைக் கட்டடத்துக்குள்ளேயே சீமெந்துத் தொட்டி கட்டிவைப்பது அதனால்தான். தொட்டியில் பெற்றால் குறைவா, குளத்தில் பெற்றால் கூடவா என்று கேட்கும் இளசுகளுக்குத் திதாக்கேயின் அந்தப் பகுதியை வாசித்துக்காட்டலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்

கத்தோலிக்கக் கோயிலில் வாசலிலேயே தொடங்கும். பிள்ளைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று குரு கேட்பார். நெற்றியில் சிலுவை அடையாளம், இறைவாக்கு, நெஞ்சில் எண்ணெய். பிறகு பெற்றோரும், பிள்ளையின் விசுவாசத்துக்குத் துணையாய் நிற்கும் ஞானப்பெற்றோரும் தீய ஆவியை விட்டுவிடுவதாகவும் மூவொரு கடவுளை விசுவசிப்பதாகவும் கேள்விக்கு மறுமொழி சொல்வார்கள். அதன் பிறகே தண்ணீர். உச்சியில் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசி, வெள்ளை ஆடை அணிவித்து, பாஸ்காத் திரி எனும் உயிர்ப்புப் பெருவிழா மெழுகுதிரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைக் கொடுப்பார்கள். பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியட்டும் என்று எங்கள் சனம் சொல்லும். திருச்சபைச் சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை, பிறந்து முதல் சில வாரங்களுக்குள் என்றே இருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. புனிதர் பெயர்தான் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இன்றைய சட்டத்தில் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதே விதி. அருள், அமலன், இன்பன் என்று அழகான தமிழ்ப்பெயர் வைக்கத் தடையில்லை.

தலையிடி கொடுக்கிற விஷயம் தாய்மாமன். எங்கள் வீடுகளில் அவர் இல்லாமல் ஒரு நன்மையும் நடவாது. ஆனால் ஞானத்தகப்பனாய் நிற்பவர் உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக, பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவராக இருக்கவேண்டும். மாமன் மெதடிஸ்தவராகவோ வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவராகவோ இருந்தால் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். சைவக்காரராக இருந்தால் அந்த இடமும் இல்லை. சங்கிலி போடுவதையும் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதையும் யாரும் மறிக்கப்போவதில்லை. இதை அழைப்புச் சொல்லும்போதே விளங்கப்படுத்தினால் கோயில் வாசலில் முகம் கறுக்காது.

சைவத்திலிருந்து வளர்ந்தவர் ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால் மாதக்கணக்கில், சில பங்குகளில் (கோயில் வட்டாரங்களில்) ஒரு வருடம் வரை, மறைக்கல்வி நடக்கும். வழக்கமான நாள் உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல் இரவுத் திருவிழிப்பு. அவருக்குத் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே இரவில். குழந்தை ஞானஸ்நானக்காரர் என்று பேர்பெற்ற திருச்சபையிலும் பெரியவர் கேட்டு, விளங்கி, வாயால் அறிக்கையிட்டபிறகே பெறுகிறார் என்பதைச் சபைக்காரர் கவனிப்பது குறைவு.

முழுக்குச் சபையில் முதலில் வகுப்பு. பிறகு ஒரு ஞாயிறோ விடுமுறை நாளோ குறிப்பார்கள். பெறுகிறவர் தன் சாட்சியைச் சொல்வார், பாட்டு நடக்கும், பாஸ்டரும் துணைக்கு ஒருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒருதரம் அமிழ்ந்து எழும்புவார். தண்ணீரில் நனைந்தால் உடம்போடு ஒட்டாத தடித்த துணி போடுவதும் மாற்றுடுப்புக் கொண்டுபோவதும் கரையோரம் மறைப்புக் கட்டுவதும் பெண்பிள்ளைகளுக்கு முக்கியம். பெந்தெகொஸ்தேக்காரர் இதோடு நிறுத்தமாட்டார்கள். தண்ணீர் ஞானஸ்நானம் ஒன்று, பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இன்னொன்று என்று பிரித்து, அந்நியபாஷை, அதாவது தான் படிக்காத மொழி, பேசுவதை இரண்டாவதின் அடையாளமாகக் கொள்வார்கள்.

யார் கொடுக்கலாம்?

வழமையாகக் குருவானவரோ போதகரோ. ஆனால் உயிராபத்து என்றால் யாரும் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சட்டம். தாதி கொடுக்கலாம், அம்மம்மா கொடுக்கலாம். கொடுக்கிறவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபை செய்வதையே செய்கிறேன் என்ற எண்ணத்தோடு, தண்ணீரை ஊற்றி, பெயர் சொல்லி, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்று சொன்னால் போதும். பிள்ளை பிழைத்துக்கொண்டால் பங்கில் அறிவித்துப் பதியவேண்டும். மீதிச் சடங்குகளைக் கோயிலில் நிறைவு செய்வார்கள், தண்ணீர் திரும்ப ஊற்றமாட்டார்கள்.

இந்த விதியின் பெறுமதி எங்கள் பக்கத்துச் சரித்திரத்தைப் பார்த்தால் தெரியும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமாருக்கு நாட்டில் இடமில்லாமல் போனது. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தோடு காட்டுக்குள் ஓடி வந்தன என்று மடுத் திருத்தல வரலாறு சொல்லும். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து வேடம் மாறி வந்துசேரும்வரை ஏறக்குறைய முப்பது வருடம். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? இன்றைக்கு ஆபத்துக்கால விதி என்று புத்தகத்தில் கடந்துபோகிற வரிகள் அன்று ஒரு சமூகத்தின் முழு வழியாக இருந்திருக்கும்.

குரு நல்லவராக இல்லாவிட்டால் அவர் கொடுத்தது செல்லுமா? நான்காம் நூற்றாண்டிலேயே இதற்காக வட ஆபிரிக்கத் திருச்சபை இரண்டாய்ப் பிளந்தது. அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் சொன்ன விடைதான் நிலைத்தது: பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்து. செயல் கடவுளுடையது என்று நம்புகிறவர் வந்துசேரவேண்டிய இடம் இதுதான். ஆனால் சொற்களில் கத்தோலிக்கர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். ‘நான் கொடுக்கிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் கொடுக்கிறோம்’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. குழந்தையாய் இருந்தபோது தனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது என்று பழைய வீடியோவில் கண்டுபிடித்த அமெரிக்கக் குரு ஒருவர் திருமுழுக்கிலிருந்து குருப்பட்டம் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து பெறவேண்டி வந்தது.

திரும்பக் கொடுப்பது

வன்னியில் குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான். கோயிலில் குழந்தையாய்ப் பெற்ற பிள்ளை சபைக்குப் போய்க் கடலில் திரும்பப் பெறுகிறது. “ஒருக்காக் குடுத்தாச்சு, பேந்தேன்?” என்று தாய் அழுகிறாள். “அது ஞானஸ்நானமே இல்லை அம்மா, எனக்கு ஒண்டும் தெரியாத வயசு” என்கிறது பிள்ளை.

இரண்டு பேரும் தத்தம் நம்பிக்கைக்கு உண்மையாகத்தான் பேசுகிறார்கள். ‘ஒரே திருமுழுக்கை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிற தாய்க்கு, திரும்பப் பெறுவது கடவுள் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்வதாகும். தண்ணீரும் மூவொரு பெயரும் இருந்தால் மெதடிஸ்தவரிடம் பெற்றதையும் பெந்தெகொஸ்தேக்காரரிடம் பெற்றதையும் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து வருகிறவருக்குத் திரும்பத் தண்ணீர் ஊற்றாது. பிள்ளையின் சபைக்கோ விசுவாசம் இல்லாத இடத்தில் ஞானஸ்நானமும் இல்லை. ஆகவே அவர்கள் கணக்கில் கடலில் நடந்ததுதான் முதலாவது.

இதற்காக உயிர் போன காலமும் உண்டு. 1525 தை மாதத்தில் சூரிச் நகரில் ஒரு சிறு குழு, குழந்தையில் பெற்றதைத் தள்ளிவிட்டு ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டது. நகரசபை அதைக் குற்றமாக்கியது. அவர்களில் ஒருவரான பேலிக்ஸ் மான்ஸை 1527இல் லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீரை விரும்பியவனுக்குத் தண்ணீர். இதைச் செய்தவர்கள் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்.

எங்கள் கரையில் 1544இல் நடந்தது வேறு விதம். மிஷனரியான பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னாரில் பெருந்தொகையானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண அரசன் சங்கிலி படை அனுப்பி அறுநூறு பேருக்கு மேல் கொன்றதாக வரலாறு. அந்த மனிதர்களுக்கு ஞானஸ்நானம் வெறும் பெயர்ப்பதிவாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்திலோ அது பெயர்ப்பதிவாகவே ஆகிவிட்டது. அவர்கள் ஆண்ட யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் உத்தியோகத்துக்கும் சட்டப்படியான கலியாணத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும். பெயர்கள் பாடசாலைத் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏறின. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் தோம்புக் கிறிஸ்தவர் பெரும்பாலோர் காணாமல் போனார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்க்கிறவர் பிரசங்கிக்க வேண்டிய உதாரணம் இதுதான் என்று நினைக்கிறேன், அவர்கள் ஏனோ சொல்வதில்லை.

கத்தோலிக்கச் சட்டமே இந்த ஆபத்தை அறிந்துதான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: பிள்ளை அந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை இல்லாவிட்டால் திருமுழுக்கைத் தள்ளிவைக்கவேண்டும். சுவாமி வகுப்புக்கு வரச்சொன்னால் பெற்றோர் கோபிக்கிறார்கள். மண்டபம் புக் பண்ணியாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று என்கிறார்கள். என் தராசு இதில் சுவாமியின் பக்கம். அதேபோல, மாதம் இத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணிக்கை சொல்லி மேடையில் பெருமைப்படும் பாஸ்டர்மாருக்குப் பவுலின் 1 கொரிந்தியர் முதலாம் அதிகாரம் இருக்கிறது: உங்களில் இரண்டொருவர் தவிர யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்காததற்கு நன்றி சொல்கிறேன் என்று எழுதினார் அவர், ஆள்பிடிச் சண்டையைக் கண்ட வெறுப்பில்.

பெறாமல் செத்துப்போனால்? இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்வன் பெறவில்லை, அவனுக்குப் பரதீசு வாக்களிக்கப்பட்டது. பெற விரும்பிப் பெறாமல் இறந்தவருக்கு ஆசைத் திருமுழுக்கு, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவருக்கு இரத்தத் திருமுழுக்கு என்று கத்தோலிக்கப் போதனை சொல்லும். பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றி 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, கடவுளின் இரக்கத்தில் அவர்களுக்கு மீட்பு உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று எழுதியது. பிள்ளையை இழந்த தாயிடம் வேறு விதமாகப் பேசுகிறவர் எந்தச் சபையாக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்கவேண்டாம்.

பத்திரம், அழைப்பு

ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம் வேறு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேறு. கோயிலில் பதிந்தாயிற்று என்று பதிவாளரிடம் போகாமல் விட்டால் பிறகு காலங்கடந்த பதிவுக்கு அலையவேண்டி வரும். கோயில் பத்திரம் தேவைப்படுவது உறுதிப்பூசுதலுக்கும் கலியாணத்துக்கும். யுத்தத்தில் பெட்டியோடு போன பத்திரங்கள் ஏராளம். திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேடு மிஞ்சியிருந்தால் அதிலிருந்து பிரதி எடுக்கலாம். பதிவேடும் அழிந்திருந்தால் அன்று நின்ற நம்பத்தக்க ஒருவரின் சாட்சியை, அல்லது வளர்ந்தபின் பெற்றவரென்றால் அவருடைய சத்தியத்தையே, திருச்சபைச் சட்டம் ஏற்கும். ஆகவே ஞானப்பெற்றோர் வெளிநாட்டில் இருந்தாலும் தொடர்பை விடாதீர்கள்.

அழைப்பு வந்த சைவக்காரர் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் எழும்பும்போது எழும்பினால் போதும். விசுவாச அறிக்கைக்கு நீங்கள் மறுமொழி சொல்லத் தேவையில்லை. பூசையோடு சேர்ந்து நடந்தால் நற்கருணைக்கு வரிசையில் போகவேண்டாம், வாங்கிலிலேயே இருக்கலாம். கடற்கரை என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயிலுக்குக் குடையும் கொண்டுபோங்கள், சாட்சிகள் நீளும்.